ஒரே டெஸ்டோஸ்டிரோன் எண், இரண்டு வேறு நோயாளிகள்: சர்க்கரை நோய்ப் பிரிவில் பாலின ஹார்மோன்களை எப்படி அளப்பது, எப்படிப் படிப்பது?

வெண்தாமரை (கேள்வி):

வணக்கம். நீரிழிவும் உடற்பருமனும் பார்க்கும் ஒரு வெளிநோயாளர் பிரிவுக்காகப் பாலின ஹார்மோன் பரிசோதனை நடைமுறை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதைய வழக்கம் இது: சோர்வு, பாலுறவில் நாட்டமின்மை, மாதவிடாய் தள்ளிப்போதல் என்று யார் சொன்னாலும் மொத்த டெஸ்டோஸ்டிரோன் மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். எந்த நேரம் வந்தாலும் ரத்தம் எடுக்கிறார்கள். தானியங்கி இம்யூனோஅஸே (ஆன்டிபாடி கொண்டு அளக்கும் முறை) இயந்திரத்தில் ஓடுகிறது. எடை கூடிய ஆண்களில் நிறையப் பேருக்குக் 'குறைவு' என்று வருகிறது. ஊசி போடலாமா என்ற பேச்சு அங்கிருந்து கிளம்புகிறது.

பேச்சுக்கு மூன்று மாதிரி ரிப்போர்ட்களை வைக்கிறேன்.

அ) ஆண், 44 வயது, பிஎம்ஐ 35, வகை 2 நீரிழிவு. மொத்த டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 8.8 நானோமோல், எஸ்எச்பிஜி (பாலின ஹார்மோனைப் பிடித்துச் சுமக்கும் ரத்தப் புரதம்) 16 நானோமோல், எல்எச் (விதையையும் ஓவரியையும் இயக்கும் பிட்யூட்டரி ஹார்மோன்) 3.9.

ஆ) ஆண், 61 வயது, பிஎம்ஐ 24, நீரிழிவு இல்லை. மொத்த டெஸ்டோஸ்டிரோன் அதே 8.8, எஸ்எச்பிஜி 52, எல்எச் 11.

இ) பெண், 27 வயது, பிஎம்ஐ 33, சுழற்சி 50 முதல் 60 நாள், தாடையில் முடி. மொத்த டெஸ்டோஸ்டிரோன் 2.4, எஸ்எச்பிஜி 15. ஃப்ரீ ஆண்ட்ரோஜன் இன்டெக்ஸ் (டெஸ்டோஸ்டிரோனுக்கும் எஸ்எச்பிஜிக்கும் உள்ள விகிதம்) 16.

கேட்க நினைப்பவை: எதை, எப்போது அளப்பது? 'ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்' (புரதத்தோடு ஒட்டாமல் விடுபட்டிருக்கும் பங்கு) கிட் வாங்கலாமா? இம்யூனோஅஸே போதுமா, மாஸ் ஸ்பெக் (மூலக்கூறின் நிறையை வைத்து அளக்கும் முறை) வேண்டுமா? ஹார்மோன் குறைந்ததால் சர்க்கரை வந்ததா, சர்க்கரையால் ஹார்மோன் குறைந்ததா?

---

தராசுமுள்:

அளக்கும் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலான பிழைகள் சாம்பிள் இயந்திரத்துக்குப் போகும் முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன.

ஆண்களுக்குக் காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுக்க வேண்டும். எண்டோகிரைன் சொசைட்டியின் 2018 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. முப்பதுகளில் இருக்கும் ஆணுக்கு மாலை 4 மணி அளவு காலை அளவைவிட 20 முதல் 25 சதவீதம் குறைவாக இருக்கும். வயது ஏற ஏற இந்த வித்தியாசம் சுருங்கும். இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்குக் கடிகாரக் காலை பொருந்தாது. அவர்கள் தூங்கி எழுந்த நேரத்தைக் காலையாகக் கொள்ளுங்கள்.

வெறும் வயிறு என்பதை உங்கள் பிரிவு கூடுதல் கவனத்துடன் கடைப்பிடிக்க வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்தபின் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக நான்கில் ஒரு பங்கு இறங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் முழுதாக ஏறுவதில்லை. குளுக்கோஸ் டாலரன்ஸ் டெஸ்ட் செய்யும் அதே நாளில் ஹார்மோனும் எடுப்பதாக இருந்தால், பூஜ்ஜிய நிமிடக் குழாயிலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். 120-ஆம் நிமிடத்தில் 'ஒரே குத்தில் முடித்துவிடலாம்' என்று எடுத்தால் நல்லவருக்கும் குறைவு என்றுதான் வரும்.

காய்ச்சல், சமீபத்திய அறுவை சிகிச்சை, மருத்துவமனை அனுமதி இருந்தால் அளக்கவே வேண்டாம். உடல் தேறிய பிறகு பாருங்கள்.

அடுத்தது பயோட்டின். முடிக்கும் நகத்துக்கும் என்று 5 முதல் 10 மில்லிகிராம் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஏராளம். ஸ்ட்ரெப்டாவிடின்-பயோட்டின் பிணைப்பை நம்பி ஓடும் இயந்திரங்களில் இது இரண்டு திசையிலும் கெடுக்கும். டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடையால் போன்ற சிறு மூலக்கூறுகள் போட்டி முறையில் அளக்கப்படுவதால் பொய்யாக உயரும். எல்எச், எஃப்எஸ்எச் (எல்எச்சோடு சுரக்கும் இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோன்), எஸ்எச்பிஜி சாண்ட்விச் முறை என்பதால் பொய்யாக இறங்கும். டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்து, எல்எச் அடங்கி, எஸ்எச்பிஜி குறைந்த ரிப்போர்ட்டைப் பார்ப்பவர் 'ஸ்டீராய்டு போடுகிறார்' என்றே முடிவு கட்டுவார். அந்த அளவு மாத்திரையை இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு எடுத்தால் போதும். நாளுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்களுக்கு இன்னும் நீண்ட இடைவெளி தேவை. அமெரிக்க எஃப்டிஏ 2017-இல் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. உங்கள் இயந்திரம் பாதிக்கப்படும் வகையா என்பது கிட்டோடு வரும் தாளில் இருக்கும்.

டெஸ்டோஸ்டிரோன் ஜெல் தடவுபவர்களிடம் ஜெல் பட்ட கையில் ஊசி குத்தக் கூடாது. தோலில் இருக்கும் மிச்சம் ஊசியோடு உள்ளே போய் எண்ணைப் பல மடங்கு ஏற்றிவிடும். எந்தக் கையில் தடவினார் என்று கேட்பதை ரத்தம் எடுப்பவரின் தாளிலேயே எழுதிவையுங்கள்.

இனி முறை. ரேடியோ இம்யூனோஅஸேயை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கியது இன்சுலினை அளக்கத்தான். 1977-இல் யாலோவுக்கு அதற்காக நோபல் கிடைத்தது. அதே நுட்பம் பிறகு ஸ்டீராய்டுகளுக்கு வந்தபோது, முதலில் கரைப்பானில் பிரித்தெடுத்து, குரோமட்டோகிராபியில் சுத்தம் செய்து, கடைசியில்தான் ஆன்டிபாடியைச் சேர்த்தார்கள். இன்றைய தானியங்கி 'நேரடி' முறை அந்த இரண்டு படிகளையும் விட்டுவிட்டது. சீரத்தில் ஒரு விடுவிப்புப் பொருளைச் சேர்த்து, எஸ்எச்பிஜி பிடித்திருக்கும் ஹார்மோனைக் கழற்ற முயல்கிறது. எஸ்எச்பிஜி மிக அதிகமாக இருந்தால் முழுதாகக் கழலாது. அப்போது சில கிட்கள் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். டிஎச்இஏ-சல்பேட் போல உருவம் ஒத்த ஸ்டீராய்டுகளையும் ஆன்டிபாடி கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். ஆணின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைய இருப்பதால் இந்தக் கலப்படம் தெரியாது. பெண்ணின் ரத்தத்தில் இருப்பது 2 நானோமோலுக்கும் கீழே. அங்கே அதுவே எண்ணை மாற்றிவிடும். நோரெதிஸ்டெரோன் மாத்திரை எடுக்கும் பெண்ணுக்குச் சில கிட்களில் டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்து வருவதும் இதனால்தான்.

ஆகவே ஆண்களுக்கு நல்ல இம்யூனோஅஸே முதல் வடிகட்டியாகப் போதும். எல்லைக்கு அருகில் வந்தால் மாஸ் ஸ்பெக்கில் உறுதி செய்யுங்கள். பெண்கள், குழந்தைகள், டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு எடுத்த எடுப்பிலேயே எல்சி-எம்எஸ்/எம்எஸ் (காலமில் பிரித்தபின் அளக்கும் மாஸ் ஸ்பெக்).

ஆனால் மாஸ் ஸ்பெக் என்ற பெயர் மட்டுமே சான்று ஆகாது. ஆய்வகத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில. இன்டர்னல் ஸ்டாண்டர்ட் எது? கார்பன்-13 மூன்று ஏற்றிய டெஸ்டோஸ்டிரோன் நல்ல தேர்வு. டியூட்டீரியம் ஏற்றிய சில வகைகளில் முடிவு நகர்வதைக் கண்டிருக்கிறார்கள். 289-இலிருந்து 97, 289-இலிருந்து 109 என்ற இரண்டு அயனி மாற்றங்களையும் பார்த்து அவற்றின் விகிதத்தைச் சரிபார்க்கிறார்களா? எபிடெஸ்டோஸ்டிரோன் தனி உச்சமாகப் பிரிகிறதா? அதற்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் நிறை ஒன்று, உடையும் துண்டுகளும் ஒன்று. காலமில் பிரியாவிட்டால் டிடெக்டரால் பிரிக்கவே முடியாது. அளக்கும் கீழ் எல்லை 0.1 நானோமோல் அளவுக்கு இறங்குகிறதா? அமெரிக்க சிடிசியின் (நோய்க் கட்டுப்பாட்டு மையம்) ஹார்மோன் தரப்படுத்தல் திட்டத்தில் சான்று உண்டா? அங்கே டெஸ்டோஸ்டிரோனுக்கு அனுமதிக்கும் சராசரி விலகல் கூட்டியோ குறைத்தோ 6.4 சதவீதம். குழாய் விஷயத்தில், பல மாஸ் ஸ்பெக் ஆய்வகங்கள் ஜெல் இல்லாத சாதாரணக் குழாயைக் கேட்கும். முன்கூட்டியே விசாரியுங்கள்.

'ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்' கிட் வாங்க வேண்டாம். அனலாக் முறை என்று விற்கப்படும் அந்த நேரடி கிட் உண்மையான விடுபட்ட அளவை அளப்பதில்லை. எஸ்எச்பிஜி ஏறி இறங்கினால் அதன் முடிவும் கூடவே போகிறது. நீங்கள் எந்தப் பிழையைத் தவிர்க்க அதை வாங்குகிறீர்களோ, அதே பிழை அதற்குள்ளேயே இருக்கிறது. மூல முறை சமநிலை டயாலிசிஸ்: நீர்க்காத சீரம், 37 டிகிரி, பிஎச் 7.4, இரவு முழுக்க. வெப்பம் ஒரு டிகிரி மாறினாலும், சீரத்தை நீர்த்தாலும் பிணைப்பு மாறிவிடும். அதனால் எல்லா இடத்திலும் செய்ய முடியாது. அன்றாட வேலைக்கு 1999-இல் வெர்மியூலன் குழு வெளியிட்ட கணக்கு போதும். மொத்த டெஸ்டோஸ்டிரோன், எஸ்எச்பிஜி, ஆல்புமின் மூன்றையும் போட்டால் விடுபட்ட அளவு வரும். ஆல்புமின் இயல்பாக இருந்தால் லிட்டருக்கு 43 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நெஃப்ரோடிக் சின்ட்ரோம், சிரோசிஸ் இருந்தால் அளந்த எண்ணைத்தான் போட வேண்டும்.

உங்கள் அ, ஆ இருவருக்கும் கணக்குப் போட்டேன். அ-வுக்கு லிட்டருக்கு 242 பிகோமோல், ஆ-வுக்கு 126. மொத்தம் அதே 8.8. ஐரோப்பிய ஆண் முதுமை ஆய்வு 2010-இல் முன்வைத்த எல்லை, அறிகுறிகளோடு சேர்த்து, மொத்தம் 11 நானோமோலுக்குக் கீழ், விடுபட்டது 220 பிகோமோலுக்குக் கீழ். விடுபட்ட அளவில் அ அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறார், ஆ நன்றாகவே கீழே இருக்கிறார்.

அலகுக் குழப்பம் இங்கே அடிக்கடி நடக்கும். ஒரு நானோமோல்/லிட்டர் என்பது 28.84 நானோகிராம்/டெசிலிட்டர். 8.8 என்றால் 254. உடற்பருமன் இல்லாத 19 முதல் 39 வயது ஆண்களுக்குச் சிடிசி தரத்துக்கு ஒத்திசைத்த வரம்பு 264 முதல் 916 நானோகிராம். சான்று பெறாத முறையின் எண்ணை இந்த வரம்போடு ஒப்பிடக் கூடாது.

---

இளவேனில்:

தராசுமுள் அளவைச் சொல்லிவிட்டார். அந்த அளவு எதைக் காட்டுகிறது என்பதை நான் எழுதுகிறேன்.

டெஸ்டோஸ்டிரோனில் 98 சதவீதம் புரதத்தோடு ஒட்டித்தான் ஓடுகிறது. அதில் ஆல்புமினின் பிடி தளர்வானது. எஸ்எச்பிஜி பிடிக்கும் இறுக்கம், வெர்மியூலன் கணக்கில் வரும் மாறிலிகளின்படி, அதைப் போல ஏறத்தாழ 28,000 மடங்கு. அதனால் மொத்த அளவு என்பது பெரும்பாலும் எஸ்எச்பிஜி எவ்வளவு இருக்கிறது என்பதன் நிழல். எஸ்எச்பிஜியைச் செய்வது கல்லீரல். எனவே உடற்பருமன் உள்ள ஆணின் 'குறைந்த டெஸ்டோஸ்டிரோன்' ரிப்போர்ட்டை முதலில் ஒரு கல்லீரல் ரிப்போர்ட்டாகப் படியுங்கள். இந்த இழையில் என் முதன்மையான கருத்தே இதுதான்.

இன்சுலின் அதிகமாக இருப்பதால்தான் எஸ்எச்பிஜி குறைகிறது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2007-இல் வந்த கல்லீரல் செல் ஆய்வும் எலி ஆய்வும் படத்தை மாற்றின. குளுக்கோஸும் அதைவிட வேகமாக ஃபிரக்டோஸும் கல்லீரலுக்குள் கொழுப்பாக மாறும்போது எச்என்எஃப்-4 ஆல்ஃபா என்ற கட்டுப்பாட்டுப் புரதம் குறைகிறது. எஸ்எச்பிஜி மரபணுவை இயக்குவது அதுதான். ஆகக் கல்லீரலில் கொழுப்பு சேர்வதும் எஸ்எச்பிஜி இறங்குவதும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள். ஹைப்போதைராய்டு, குளுக்கோகார்ட்டிகாய்டு மருந்துகள், ஆண்ட்ரோஜன் மருந்துகள், நெஃப்ரோடிக் சின்ட்ரோம், அக்ரோமெகலி ஆகியவையும் எஸ்எச்பிஜியைக் குறைக்கும். தைராய்டு மிகை, சிரோசிஸ், வாய்வழி ஈஸ்ட்ரோஜன், ஃபெனிடோயின், கார்பமசெபின், எச்ஐவி, முதுமை ஆகியவை கூட்டும்.

காரணம் எது, விளைவு எது என்ற உங்கள் கேள்விக்கு மரபணு ஆய்வுகள் ஓரளவு பதில் தருகின்றன. 2009-இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்த ஆய்வில், எஸ்எச்பிஜியைப் பிறவியிலேயே கூட்டும் மரபணு வகை உள்ளவர்களுக்கு வகை 2 நீரிழிவு வாய்ப்பு குறைவாகவும், குறைக்கும் வகை உள்ளவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது. 2020-இல் யுகே பயோபேங்க்கின் 4,25,097 பேரை வைத்து நடந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. மரபணு வழியாக டெஸ்டோஸ்டிரோன் ஒரு திட்ட விலக்கம் கூடினால், பெண்களுக்கு நீரிழிவு வாய்ப்பு 37 சதவீதம் கூடுகிறது. ஆண்களுக்கு 14 சதவீதம் குறைகிறது. ஒரே ஹார்மோன் இரு பாலிலும் எதிரெதிராக நிற்கிறது. இதனால்தான் ஆணும் பெண்ணும் கலந்த ஒரு குழுவில் 'டெஸ்டோஸ்டிரோன் - இன்சுலின் எதிர்ப்பு' தொடர்பைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, அல்லது தவறானது கிடைக்கும்.

ஆண்களில் எதிர்த்திசை ஓட்டமும், அதாவது எடை கூடுவதால் ஹார்மோன் குறைவதும், வலுவானது. மிதமான எடைக் கூடுதலில் எஸ்எச்பிஜி மட்டும் இறங்கும், விடுபட்ட அளவு அப்படியே இருக்கும், எல்எச் இயல்பாக இருக்கும். அ இந்த ரகம். பிஎம்ஐ 40-ஐத் தாண்டும்போது மூளையின் சமிக்ஞையே மங்கி, விடுபட்ட அளவும் இறங்கும். எல்எச் உயர வேண்டிய இடத்தில் உயராமல் நிற்கும். ஸ்லீப் ஆப்னியாவும் ஓபியாய்டு வலி மருந்துகளும் இதைக் கூட்டும்.

அ-வுக்கு இப்போது செய்ய வேண்டியவை கல்லீரல் சார்ந்தவை: ஏஎல்டி, ஏஎஸ்டி, பிளேட்லெட் எடுத்து ஃபிப்-4 (கல்லீரல் தழும்பை மதிப்பிடும் எண்) கணக்கிடுங்கள். 1.3-ஐத் தாண்டினால் எலாஸ்டோகிராபி (கல்லீரல் விறைப்பை அளக்கும் ஸ்கேன்). குறட்டை, பகல் தூக்கம் கேளுங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கான ஆள் அல்ல இவர்.

ஆ-வுக்கு விடுபட்ட அளவு உண்மையிலேயே குறைவு, எல்எச்சும் உயர்ந்திருக்கிறது. பழுது விதையில். இரண்டாம் காலைச் சாம்பிள், எஃப்எஸ்எச், கூடவே எஸ்எச்பிஜி ஏன் 52 என்று தைராய்டும் கல்லீரலும் பாருங்கள். வலிப்பு மருந்து எடுக்கிறாரா என்று கேளுங்கள். விதை சிறுத்திருந்தால் கேரியோடைப் (குரோமோசோம் பரிசோதனை). க்லைன்ஃபெல்டர் (ஆணுக்குக் கூடுதல் எக்ஸ் குரோமோசோம் இருக்கும் நிலை) அறுபதைத் தாண்டியும் கண்டுபிடிக்கப்படாமல் இருப்பது உண்டு.

நடைமுறையில் ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள்: நீரிழிவு, விடுபட்ட டெஸ்டோஸ்டிரோன் குறைவு, எல்எச்சும் குறைவு என்ற மூன்றும் சேர்ந்தால் ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் எடுக்க வேண்டும். ஹீமோகுரோமட்டோசிஸில் (உடலில் இரும்பு மிகும் நோய்) இரும்பு படிவது கணையத்திலும் பிட்யூட்டரியிலும். இரண்டு நோயும் ஒரே வேரிலிருந்து வந்திருக்கலாம். செறிவு 45 சதவீதத்துக்கு மேல் என்றால் அந்த வழியில் போங்கள். புரோலாக்டினும் சேரட்டும். மொத்தம் 5.2 நானோமோலுக்கும் கீழே, எல்எச் குறைவு என்றால் பிட்யூட்டரி எம்ஆர்ஐ.

---

வெண்தாமரை:

இருவருக்கும் நன்றி. அ-வைப் பற்றிய முடிவு எங்கள் குழுவில் விவாதமாகும் என்று தெரிகிறது. 'டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் நீரிழிவே தடுக்கப்படுகிறது என்று ஆய்வு வந்திருக்கிறதே' என்பார்கள். அதோடு இ-யின் நிலையையும் யாராவது விளக்க முடியுமா?

---

இளவேனில்:

அவர்கள் சொல்வது 2021-இல் வெளியான ஆஸ்திரேலிய டி4டிஎம் ஆய்வை. 50 முதல் 74 வயது, இடுப்புச் சுற்று 95 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல், மொத்த டெஸ்டோஸ்டிரோன் 14 நானோமோல் அல்லது குறைவு, குளுக்கோஸ் தாங்குதிறன் குறைந்தவர்கள் அல்லது புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டவர்கள், மொத்தம் 1,007 ஆண்கள். எல்லோருக்கும் வாழ்க்கைமுறைத் திட்டம். பாதிப் பேருக்கு அதோடு 1,000 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் அன்டெகனோயேட் ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இரண்டு ஆண்டு முடிவில் நீரிழிவு அளவில் இருந்தவர்கள் ஊசிக் குழுவில் 12 சதவீதம், மற்றதில் 21. நல்ல முடிவுதான். ஆனால் ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தொட்டவர்கள் ஊசிக் குழுவில் 22 சதவீதம், மற்றதில் 1.

இதன் பிறகு டிராவர்ஸ் ஆய்வின் நீரிழிவுப் பகுதி 2024-இல் வந்தது. அங்கே அறிகுறியும் உறுதியான குறைபாடும் உள்ள ஆண்களுக்கு ஜெல் கொடுத்தார்கள், தனி வாழ்க்கைமுறைத் திட்டம் இல்லை. நீரிழிவுக்கு முந்திய நிலை நீரிழிவாக மாறுவதை ஜெல் தடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், உறுதியான ஹைப்போகோனாடிசம் (டெஸ்டோஸ்டிரோன் குறைபாட்டு நோய்) இருந்தால் அதற்காகக் கொடுங்கள், சர்க்கரைக்காகக் கொடுக்காதீர்கள் என்றே நான் சொல்வேன். குழந்தை பெற நினைக்கும் ஆணுக்கு வெளியிலிருந்து தரும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லியாக வேண்டும்.

எடை இறங்கினாலே எண் ஏறும். 2013-இல் வந்த தொகுப்பாய்வில், உணவுக் கட்டுப்பாட்டில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக 2.9 நானோமோலும், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் 8.7 நானோமோலும் கூடியது. அ-வின் 8.8 எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பார்க்கலாம்.

---

நுண்கணக்கு:

இ-யைப் பற்றி. முதலில் அந்த 2.4 எந்த முறையில் வந்தது? நேரடி இம்யூனோஅஸே என்றால் மாஸ் ஸ்பெக்கில் 1.5 என்று வந்தாலும் நான் வியப்படைய மாட்டேன். அந்த இரண்டு எண்களையும் வெர்மியூலன் கணக்கில் போட்டேன், எஸ்எச்பிஜி 15 என்று வைத்து. 2.4-க்கு விடுபட்ட அளவு 64 பிகோமோல், 1.5-க்கு 40. இரண்டுமே கூடுதல்தான், ஆனால் எவ்வளவு கூடுதல் என்பது மாறிவிடுகிறது. கட்டி இருக்குமோ என்று தேடத் தொடங்குவதா, வேண்டாமா என்ற முடிவும் இந்த வித்தியாசத்தில்தான் தொங்குகிறது. மொத்தம் 5 நானோமோலைத் தாண்டினாலோ, சில மாதங்களிலேயே குரல் தடித்து முடி வேகமாக வளர்ந்தாலோதான் அந்தத் தேடல்.

ஃப்ரீ ஆண்ட்ரோஜன் இன்டெக்ஸை நம்பி எடை போடாதீர்கள். அது டெஸ்டோஸ்டிரோனை எஸ்எச்பிஜியால் வகுத்து நூறால் பெருக்குவது மட்டுமே. ஆல்புமின் பிடித்திருப்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. டெஸ்டோஸ்டிரோன் 1.5-ஆகவே இருக்க, எஸ்எச்பிஜி 30-இலிருந்து 15-க்கு இறங்கினால் இன்டெக்ஸ் 5-இலிருந்து 10 ஆகிறது, இரண்டு மடங்கு. வெர்மியூலன் கணக்கில் விடுபட்ட அளவு 28-இலிருந்து 40-க்குத்தான் போகிறது, அதாவது 40 சதவீதம் கூடுதல். எஸ்எச்பிஜி 30-க்குக் கீழே இருக்கும் பெண்களில் இன்டெக்ஸ் மிகைப்படுத்தும் என்பது 2018-இல் டயாலிசிஸோடு ஒப்பிட்டே காட்டப்பட்டது. நீரிழிவுப் பிரிவுக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் அந்தப் பகுதியில்தான் இருப்பார்கள். ஆண்களுக்கு இந்த இன்டெக்ஸைப் பயன்படுத்தவே கூடாது.

எடுக்கும் நாள்: சுழற்சி வரும் பெண்ணுக்கு 2 முதல் 5-ஆம் நாள் காலை. மாதக்கணக்கில் வராதவருக்குக் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்து எந்தக் காலையும் எடுக்கலாம். புரோஜெஸ்டெரோனும் சேர்த்தால் கருமுட்டை வெளிவந்த பிறகு எடுத்துவிட்டோமா என்று தெரிந்துவிடும். கருத்தடை மாத்திரை எஸ்எச்பிஜியைப் பல மடங்கு ஏற்றி, ஓவரியையும் அடக்கிவிடும். குறைந்தது மூன்று மாதம் நிறுத்திய பிறகே இந்தப் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு. நிறுத்தும் காலத்துக்கு மாற்றுக் கருத்தடை வழியைச் சொல்லாமல் அனுப்பாதீர்கள்.

பிசிஓஎஸ் (ஓவரி நீர்க்கட்டி நோய்) என்று எழுதும் முன் டிஎஸ்எச், புரோலாக்டின், 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டெரோன் மூன்றும் வேண்டும். கடைசியது காலையில், சுழற்சியின் முதல் பாதியில், 6 நானோமோலுக்குக் கீழே இருந்தால் பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சியின் மென்வகையைப் பெரும்பாலும் விலக்கிவிடலாம். டெஸ்டோஸ்டிரோன் இயல்பாக வந்து அறிகுறி மட்டும் இருந்தால் ஆண்ட்ரோஸ்டீன்டையோனும் டிஎச்இஏ-சல்பேட்டும் பாருங்கள். 2023 சர்வதேச வழிகாட்டுதல் வரிசையும் இதுதான். பிஎம்ஐ எதுவாக இருந்தாலும் பிசிஓஎஸ் உள்ள பெண்ணுக்குச் சர்க்கரை நிலையைப் பார்க்க வேண்டும், அதற்கு 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் சிறந்தது என்றும் அது சொல்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் எடுத்தால் இந்தப் பெண்களில் பலரைத் தவறவிடுவோம்.

பெண்களில் சுழல் இப்படி ஓடுகிறது: இன்சுலின் கூடினால் ஓவரியின் தீகா செல்கள் எல்எச்சோடு சேர்ந்து அதிக ஆண்ட்ரோஜன் செய்கின்றன, கல்லீரல் எஸ்எச்பிஜியைக் குறைப்பதால் அதில் விடுபட்ட பங்கும் கூடுகிறது, கூடிய ஆண்ட்ரோஜன் வயிற்றுக் கொழுப்பையும் இன்சுலின் எதிர்ப்பையும் வளர்க்கிறது. எங்கே வெட்டினாலும் சுழல் தளரும். எடைக் குறைப்பு எல்லா இடத்திலும் வெட்டுகிறது.

---

வெண்தாமரை:

வெறும் வயிற்று இன்சுலின், இன்சுலின் எதிர்ப்பை மதிப்பிடும் ஹோமா கணக்கு இவற்றையும் பேனலில் சேர்க்கலாமா? ஆண்களுக்கு ஈஸ்ட்ரடையால் வேண்டுமா?

---

தராசுமுள்:

ஹோமா என்பது வெறும் வயிற்றுச் சர்க்கரையை மில்லிமோலில், இன்சுலினை மைக்ரோயூனிட்/மில்லிலிட்டரில் எடுத்துப் பெருக்கி 22.5-ஆல் வகுப்பது, சர்க்கரை மில்லிகிராம்/டெசிலிட்டரில் இருந்தால் 405-ஆல் வகுக்க வேண்டும். ஆராய்ச்சிக் குழுக்களை ஒப்பிட அது உதவும். தனி நோயாளிக்கு எல்லைக்கோடு வரைய உதவாது, ஏனென்றால் இன்சுலின் கிட்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. இன்சுலின் ஊசி போடுபவருக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. சாம்பிள் சிவந்திருந்தால் (ஹீமோலிசிஸ்) ரத்தச் சிவப்பணுவிலிருந்து வெளிவரும் நொதி இன்சுலினைச் சிதைத்து எண்ணைக் குறைத்துவிடும், அதை நிராகரியுங்கள். என் கருத்தில் வழக்கமான பேனலில் வேண்டாம்.

ஆண்களுக்கு ஈஸ்ட்ரடையால் வழக்கமாகத் தேவையில்லை. மார்பு வீக்கம் இருந்தால் எடுக்கலாம், அதையும் மாஸ் ஸ்பெக்கில். கொழுப்புத் திசுவின் அரோமட்டேஸ் டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரடையாலாக மாற்றுவது உண்மைதான், ஆனால் அந்த எண்ணைப் பார்த்து அரோமட்டேஸ் தடுப்பு மாத்திரை தருவது நல்ல வழி அல்ல. 2013-இல் நடந்த ஒரு ஆய்வில், ஆண்களின் ஹார்மோனை அடக்கி டெஸ்டோஸ்டிரோனைத் திரும்பக் கொடுத்து, ஒரு குழுவில் ஈஸ்ட்ரடையாலாக மாறுவதை மட்டும் தடுத்தார்கள். உடல் கொழுப்பு கூடியதற்கு ஈஸ்ட்ரடையால் இல்லாததே முதன்மைக் காரணமாக நின்றது. ஆணுக்கும் அது வேண்டும்.

அளப்பதிலும் ஈஸ்ட்ரடையால் கடினமானது. எளிதில் அயனியாகாது; ஆய்வகங்கள் டான்சில் குளோரைடு ஏற்றியோ, அம்மோனியம் ஃப்ளோரைடு சேர்த்து எதிர்மின் முறையிலோ அளக்கின்றன. மாதவிடாய் நின்ற பெண்களின் அளவு மில்லிலிட்டருக்கு 10 பிகோகிராமுக்கும் கீழே இருக்கும். அங்கே நேரடி இம்யூனோஅஸே தரும் எண்ணை எதற்கும் நம்பக் கூடாது. மார்புப் புற்றுக்கு ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி போடுபவருக்கு அந்த மருந்தையே சில கிட்கள் ஈஸ்ட்ரடையால் என்று படிக்கும்.

மறுபரிசோதனை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நடைமுறையில் எழுதிவையுங்கள். ஒரே ஆணின் காலை அளவு நாளுக்கு நாள் சுமார் 10 சதவீதம் ஆடும். இயந்திரத்தின் பிழை 5 சதவீதம் என்று வைத்தால், இரண்டு தனி எண்களுக்கிடையே 31 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் மாற்றம் என்று சொல்லலாம். 8.8-இலிருந்து 10-க்கு வந்தால் அது ஏற்றமல்ல, 11.5-ஐத் தாண்ட வேண்டும். கலோரி குறைத்த சில வாரங்களிலேயே எஸ்எச்பிஜி ஏறி மொத்தத்தைத் தூக்கிவிடும் என்பதால், எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது எடுக்காமல், ஒரு அளவில் நின்ற பிறகு எஸ்எச்பிஜியோடு சேர்த்தே எடுங்கள். முதல் சாம்பிளின் மிச்ச சீரத்தை மைனஸ் 70 டிகிரியில் வைக்க வசதி இருந்தால், பழையதையும் புதியதையும் ஒரே ஓட்டத்தில் அளக்கச் சொல்லலாம். கிட் லாட் மாறியதால் வரும் நகர்வு அதோடு போய்விடும்.